‘சார் வரட்டும்’: மாணவர் ரோபாட்டிக்ஸ் குழு ஒன்றில் வழிகாட்டியின் வேலைச்சுமை – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

உயர்நிலைப் பள்ளி மாணவர் குழுக்கள் தாங்கள் செய்த ரோபாட்டோடு மோதும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் பங்கேற்கும் ஒரு பள்ளிக் குழுவின் ஒரு பருவத்தை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. குழுவில் 28 மாணவர்கள். பட்டியலில் ஐந்து வழிகாட்டிகள் இருந்தாலும் வாரந்தோறும் பட்டறைக்கு வந்தவர்கள் இருவர்தான். தலைமை வழிகாட்டி இயந்திரப் பொறியாளர். இன்னொருவர் நிரல் வழிகாட்டி. இருவருக்கும் பகலில் முழுநேர வேலை உண்டு. முந்தைய ஆண்டு வரை மின்வேலையைக் கவனித்த மூன்றாமவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அவருடைய பொறுப்பை யாருக்கும் முறையாகக் கொடுக்கவில்லை. அது தானாகத் தலைமை வழிகாட்டியின் தலையில் வந்து உட்கார்ந்தது.

இந்தப் போட்டியின் கால அமைப்பையும் சொல்ல வேண்டும். ஜனவரித் தொடக்கத்தில் அந்த ஆண்டின் ஆட்ட விதிகள் வெளியாகும். 2019 பருவம் வரை, ஆறு வாரம் முடிந்ததும் ரோபாட்டைப் பையில் போட்டு முத்திரை வைத்துவிட வேண்டும் என்ற விதி இருந்தது. 2020 பருவத்திலிருந்து அது எடுக்கப்பட்டது. அவசரம் குறையும் என்பது எதிர்பார்ப்பு. பல குழுக்களில் நடந்தது வேறு: கட்டாய நிறுத்த நாள் போனதால் போட்டிக்கு முந்தைய இரவு வரை வேலை நீண்டது. இந்தக் குழுவுக்கு முதல் போட்டி எட்டாம் வார முடிவில், இரண்டாவது பதினோராம் வாரத்தில்.

கால அட்டவணை இது: நான்கு மாலைகள் 6 முதல் 9 வரை, சனிக்கிழமை 8 மணி நேரம், ஞாயிறு 4 மணி நேரம். வாரத்துக்கு மொத்தம் 24 மணி நேரம். தாளில் பார்த்தால் தாங்கக்கூடிய அளவாகத்தான் தெரிந்தது.

முதல் மூன்று வாரங்கள்

விதிகள் வெளியான இரண்டாம் நாளே குழு ஐந்து அமைப்புகளைச் செய்வதென முடிவெடுத்தது: ஸ்வெர்வ் ஓட்டுதளம் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே எந்தத் திசைக்கும் திரும்பும் வகை), பொருளை அள்ளும் அமைப்பு, மேலே தூக்கும் எலிவேட்டர், எறியும் அமைப்பு, ஆட்டத்தின் கடைசி நொடிகளில் தொங்கி ஏறும் அமைப்பு. ஸ்வெர்வ் இவர்களுக்குப் புதிது. நான்கு சக்கரத் தொகுதி, தொகுதிக்கு இரண்டு மோட்டார், ஒரு கோண உணரி. அதற்கு மேல், ரோபாட் எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் ஒரு கைரோ. பழைய ஓட்டுதளத்தோடு ஒப்பிட்டால் மின்கம்பிவேலை ஏறத்தாழ இரட்டிப்பு. மின்வேலைக்கு ஆள் போன ஆண்டிலேயே மின்வேலை அதிகமான வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்பது அன்றைய கூட்டத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. கரும்பலகையில் எழுதியது எல்லாமே ‘எதைச் செய்யலாம்’. ‘யார் சொல்லிக்கொடுப்பது’ என்ற பத்தி அதில் இல்லை.

மூன்றாம் வாரத்தில் தலைமை வழிகாட்டியிடம் மாற்றம் தெரிந்தது. மாணவர் கையிலிருந்த கருவியை வாங்கித் தானே வேலையை முடிக்கத் தொடங்கினார். கேள்விக்குப் பதிலாகக் கேள்வி கேட்டுச் சொல்லிக்கொடுத்தவர், நேராக விடையைச் சொல்லிவிட்டு நகர்ந்தார். வடிவமைப்புக் கோப்புகளை வீட்டில் இரவு 11 மணிக்கு மேல் திருத்திவைத்தார். காலையில் மாணவர்கள் பார்த்தால் தங்கள் வரைபடம் மாறியிருக்கும், காரணம் எழுதியிருக்காது. இதை அவருடைய உழைப்பு என்று எல்லோரும் பாராட்டினார்களே தவிர, யாரும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்ற ஐசிடி-11 வகைப்பாடு, பணிச்சோர்வை நோயாகச் சேர்க்காமல் வேலை சார்ந்த நிலையாக வைத்து மூன்று கூறுகளைச் சொல்கிறது: ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது கசப்பு வருவது, செயல்திறன் குறைவது. தன்னார்வ வழிகாட்டிகளைப் பார்க்கும்போது பலரும் முதல் கூறை மட்டுமே தேடுகிறார்கள். கொட்டாவி விடுபவர்தான் களைத்தவர் என்ற எண்ணம். இந்த ஆய்வின் பிற்பகுதியில் அதற்கான விலை வருகிறது.

நான்காம் வாரம்: இரண்டு சம்பவங்கள்

முதலாவது மின்சாரம் சார்ந்தது. ஓட்டிப் பார்க்கும்போது, ரோபாட் நின்ற இடத்திலிருந்து வேகமெடுத்தால் ஒரு நொடி செத்துப் பிழைத்தது. நிரல் பிழை என்று நினைத்து நிரல் வழிகாட்டி இரண்டு மாலைகளைச் செலவழித்தார். உண்மைக் காரணம் பேட்டரி முனையில் இருந்த நட்டு தளர்ந்திருந்தது.

கணக்கு எளிது. முழுதாக ஏற்றிய பேட்டரி 12.7 வோல்ட். எட்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் உந்தும்போது சுமார் 200 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியின் உள்தடையும் கம்பித்தடையும் சேர்ந்து 20 மில்லி ஓம் என்றால் 4 வோல்ட் விழும், 8.7 மிஞ்சும். தளர்ந்த முனை இன்னும் 15 மில்லி ஓம் சேர்த்தால் மேலும் 3 வோல்ட் போய் 5.7க்கு வந்துவிடும். முதல் தலைமுறை ரோபோரியோ கட்டுப்பாட்டுப் பெட்டி 6.3 வோல்ட்டுக்குக் கீழே மோட்டார்களை நிறுத்திவிடும். நட்டை அரைச் சுற்று இறுக்கினால் தீர்ந்திருக்கும் விஷயம்.

அந்த முனையை மாட்டியவர் தலைமை வழிகாட்டி. இரவு 9.20க்கு, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் மாட்டினார். பக்கத்தில் நின்ற இரண்டு மாணவர்கள் டார்ச் பிடித்தார்கள். கையால் அசைத்துப் பார்க்கும் சோதனையை மாணவர் செய்தால் தப்பாமல் செய்யச் சொல்லும் அவர், அன்று தான் செய்யவில்லை.

இரண்டாவது சம்பவம் துளையிடும் இயந்திரத்தில். மாணவி ஒருவர் அலுமினியச் சதுரக் குழாயைக் கவ்வியில் பிடிக்காமல் கையால் பிடித்துத் துளையிட்டார். துரப்பணம் அடிப்பக்கச் சுவரைத் துளைத்து வெளியேறும் தருணத்தில் குழாயைக் கவ்விச் சுழற்றியது. கண்ணாடி போட்டிருந்தார், கையுறை போடவில்லை, அது சரிதான், சுழலும் இயந்திரத்தில் கையுறை கூடாது. விரல் கன்றிப்போனதோடு முடிந்தது. அப்போது பட்டறையில் இருந்த ஒரே பெரியவர் தலைமை வழிகாட்டி. அவர் எதிர் மூலையில் ரோபாட்டுக்கு அடியில் படுத்திருந்தார். நேரம் 8.50.

எண்ணிப் பார்த்தது

மறுநாள் பட்டறை திறக்கப்படவில்லை. பெற்றோர் ஒருவர், அலுவலகத்தில் உற்பத்தித் திட்டமிடல் செய்பவர், இரண்டு காரியங்களைச் செய்யச் சொன்னார்.

ஒன்று, தலைமை வழிகாட்டி முந்தைய வாரத்தை அரைமணிக் கட்டங்களாகப் பிரித்து எழுதுவது. விடை 24 வரவில்லை, 38 வந்தது. பட்டறை நேரம் 24. கதவைத் திறக்க முன்கூட்டி வருவது, கடைசி மாணவர் போகும் வரை காத்திருப்பது 3.5, பாகங்களைத் தேடி ஆர்டர் செய்வது 3, இரவில் வரைபடத் திருத்தம் 4, செய்திகளுக்குப் பதில் 2.5, பள்ளிக்கான படிவங்கள் 1.

இரண்டாவது காரியம்தான் பயன் தந்தது. அடுத்த மாலை அந்தப் பெற்றோர் மூலையில் உட்கார்ந்து, ‘சார் வரட்டும்’ அல்லது அதே பொருளுள்ள வாக்கியம் எத்தனை முறை வருகிறது என்று கோடு போட்டார். மூன்று மணி நேரத்தில் 17. எந்த ரிவெட், எந்தப் பெட்டியில் இருக்கிறது, சார்ஜரை எடுக்கலாமா, இந்தக் கம்பி எவ்வளவு நீளம். பதினேழில் பொறியியல் தீர்ப்பு தேவைப்பட்டவை நான்கு மட்டுமே. மற்ற பதின்மூன்று முறையும் இரண்டு மூன்று மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் களைத்துப்போன அதே அறையில் இருபது பேர் சும்மா இருந்தார்கள்.

இதிலிருந்து ஒரு பட்டியல் எழுந்தது: தலைமை வழிகாட்டி வராவிட்டால் நடக்காத வேலைகள். மொத்தம் 41. ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம்: யாருக்குத் தெரியும், யார் தனியாகச் செய்வார், யார் இப்போது கற்கிறார். 41இல் 33 வேலைகளுக்கு மூன்று கட்டத்திலும் ஒரே பெயர், அல்லது வெற்றிடம்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

*ஏறும் அமைப்பு நிறுத்தம்.* மீதமிருந்த வேலை சுமார் 70 மனித மணி. அதில் 40 இரு வழிகாட்டிகளில் ஒருவர் கூட இருந்தே ஆக வேண்டியவை. 28 மாணவர்களின் நேரம் தாராளமாக இருந்தது, அந்த 40 மணி எங்கும் இல்லை. ஆகவே முதல் போட்டி வரை அது கிடையாது என்று முடிவானது. முடிவு சரி, சொன்ன விதம் தவறு. குழுச் செய்தியில் இரவு 10 மணிக்கு இரண்டு வரி போனது. மூன்று வாரம் உழைத்த ஆறு மாணவர்கள் அதைப் படுக்கையில் படித்தார்கள். ஒருவர் அடுத்த இரண்டு வாரம் வரவில்லை.

*நேரம்.* மூன்று மாலைகள், 6 முதல் 8.30 வரை, சனிக்கிழமை 7 மணி நேரம். ஞாயிறு மூடல். மொத்தம் 14.5. மாலைகளில் கடைசி அரைமணி துப்புரவுக்கும் மறுநாள் வேலையை எழுதிவைப்பதற்கும். 8 மணிக்கு மேல் இயந்திரம் ஓடாது. பெரியவர் இருவர் இல்லாமல் கதவு திறக்காது என்ற விதி ஏற்கனவே தாளில் இருந்தது. அதற்குப் பல் வைக்கப்பட்டது: இரண்டாம் ஆள் மதியம் 1 மணிக்குள் உறுதி சொல்லாவிட்டால் அன்று ரத்து. அடுத்த நான்கு வாரத்தில் இரண்டு மாலைகள் உண்மையிலேயே ரத்தாயின. அதற்குப் பின் இரண்டாம் ஆளைத் தேடும் வேலையைப் பெற்றோரே எடுத்துக்கொண்டார்கள்.

*ஒப்படைப்பு.* 41இல் 14 மாணவர்களுக்கு, 9 பெற்றோருக்கு, 7 அடியோடு நிறுத்தம், 11 தலைமை வழிகாட்டியிடமே. நிறுத்திய ஏழில் வாராந்திரப் படத்தொகுப்பு ஒன்று. அதைக் காணோமே என்று பருவம் முழுவதும் யாரும் கேட்கவில்லை.

*புதிய ஆட்கள்.* துளையிடும் சம்பவத்துக்குப் பின் பொறியாளர் இருவர் உதவ முன்வந்தார்கள். முதலாமவரை நேராக மின்வேலையில் சேர்த்ததில், அவருக்கு விளக்கவே தலைமை வழிகாட்டிக்கு ஒரு வாரத்தில் 5 மணி நேரம் போனது. தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதியது பட்டறைக்கும் பொருந்தும். இரண்டாமவரைத் தொழில்நுட்பத்தில் சேர்க்காமல், கதவு, வருகைப் பதிவு, ‘இரண்டாம் பெரியவர்’ பொறுப்புகளைக் கொடுத்தார்கள். அவரால் முதல் நாளிலிருந்தே சுமை குறைந்தது.

ஒப்படைத்தபோது நடந்தது

நன்றாக அமைந்தது பேட்டரி. ஆறு பேட்டரிகளுக்கும் எண் ஒட்டி, ஒரு நோட்டில் ஏற்றிய நேரம், எடுத்த நேரம், ஓய்வு மின்னழுத்தம், முனை அசைவு சோதித்தவரின் கையெழுத்து என்று எழுதினார்கள். போட்டி விதிப்படி சார்ஜர் 6 ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. 18 ஆம்பியர்-மணி பேட்டரி காலியானால் மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். எனவே எது எப்போது தயாராகும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிற ஒருவர் தேவை. ஒன்பதாம் வகுப்பு மாணவர் இருவர் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் நான்காம் எண் பேட்டரியைத் தாங்களே கண்டுபிடித்து ஒதுக்கினார்கள்: முழுதாக ஏற்றி, சார்ஜரிலிருந்து எடுத்து ஓய்வுவிட்ட பிறகும் 12.3 வோல்ட்டுக்கு மேல் நிற்கவில்லை.

மோட்டார்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் கேன் தொடர்புக் கம்பியில் பழுது தேடுவதும் அப்படித்தான். அதுவரை ‘சார் வரட்டும்’ பட்டியலில் முதலிடம் இதற்கு. ஒரு மாலை அரைமணி நேரம் செலவழித்து மூன்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்: மின்சாரத்தை அணை, மஞ்சள், பச்சைக் கம்பிகளுக்கு இடையே மல்டிமீட்டரில் தடையைப் பார், 60 ஓம் என்றால் இரு முனையின் 120 ஓம் தடைகளும் இணைந்திருக்கின்றன, 120 வந்தால் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது, சங்கிலியின் பாதியில் பிரித்து எந்தப் பக்கம் என்று பார். அந்த அட்டை ரோபாட் வண்டியின் பக்கவாட்டில் ஒட்டப்பட்டது.

ஆர்டர் செய்வது அவ்வளவு சீராகப் போகவில்லை. செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் மட்டும் ஆர்டர், ஒரே தாள், பொறுப்பு ஒரு பெற்றோர். முதல் வாரமே அரை அங்குல அறுகோணத் தண்டுக்கு அறுகோணத் துளையுள்ள பேரிங்குக்குப் பதில் வட்டத் துளை பேரிங் 12 வந்து இறங்கியது. வெளிவிட்டம் ஒன்றே, படமும் ஏறத்தாழ ஒன்றே. நான்கு நாள் தாமதம். தலைமை வழிகாட்டி அந்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்தார். இந்த வகை ஏற்பாடுகள் பெரும்பாலும் செத்துப்போகும் இடம் இதுதான்: முதல் பிழை வந்ததும் பழைய கை நீளும். திருப்பித் தருவதில்லை என்று பேசி முடித்து, தாளில் இரண்டு கட்டம் சேர்த்தார்கள்: பாக எண், அதைச் சரிபார்த்த இரண்டாம் மாணவர் பெயர். அதன் பின் பருவம் முழுவதும் ஒரே ஒரு தவறான ஆர்டர், அதுவும் அளவில் இல்லை, எண்ணிக்கையில்.

ஏழாம் வாரம் மீண்டும் அரைமணிக் கட்டம் எழுதியபோது தலைமை வழிகாட்டிக்கு 21 மணி நேரம் வந்தது. ‘சார் வரட்டும்’ கணக்கு ஒரு மாலைக்கு 6.

போட்டிகள்

முதல் போட்டியில் எல்லா ஆட்டத்திலும் ரோபாட் ஓடியது. மின்னழுத்தம் விழுந்து நிற்கவில்லை. ஆனால் ஏற முடியாததால் கடைசி நொடிப் புள்ளிகள் கிடைக்கவில்லை. தரவரிசையில் நடுவுக்குக் கீழே முடிந்து, முன்னணிக் குழுக்கள் அடுத்த கட்டத்துக்குத் துணைக் குழுக்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டணித் தேர்வில் யாரும் அழைக்கவில்லை. முடிவை எதிர்த்த மாணவர்கள் அதைச் சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை.

இரண்டு போட்டிகளுக்கு இடையில், நிறுத்திய அமைப்பின் எளிய வடிவத்தை மாணவர்களே செய்தார்கள்: கயிற்றைச் சுற்றி இழுக்கும் ஒரு வின்ச், ஒரு கொக்கி, ஒரு சுருள்வில். வழிகாட்டி நேரம் 6 மணிக்குள். இரண்டாவது போட்டியில் பத்து ஆட்டத்தில் ஏழில் ஏறியது. கூட்டணித் தேர்வின் இரண்டாம் சுற்றில் ஓர் அழைப்பு வந்தது. காலிறுதியோடு வெளியேறினார்கள்.

பருவம் முடிந்த பின் தெரிந்தது

போட்டி முடிந்த மூன்றாம் வாரம் நிரல் வழிகாட்டி விலகினார். குழு அதிர்ந்தது, ‘அவர் நன்றாகத்தானே இருந்தார்’ என்றார்கள்.

பழைய பதிவுகளைப் புரட்டியபோது வேறு படம் வந்தது. அவருடைய நேரத்தை யாரும் எண்ணவேயில்லை. நிரல் சேமித்த நேர முத்திரைகள், செய்தி நேரங்கள் இவற்றிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், நான்காம் வாரம் வரை வாரத்துக்குச் சுமார் 16 மணி நேரம். அதன் பின் 23. காரணம் எளிது. பட்டறை 8.30க்கு மூடியதும் இயந்திர வேலை நின்றது. நிரலுக்குக் கதவு கிடையாது. பட்டறையில் குறைந்த சோதனை நேரத்தை ஈடுகட்ட மாணவர்கள் வீட்டிலிருந்து எழுதினார்கள். அதைச் சரிபார்க்க இரவு 11.40, 12.15 என்று ஒரே ஒருவர் விழித்திருந்தார். குழுச் செய்திக்கு 9.30க்கு மேல் தடை போட்டவர்கள் நிரல் மதிப்பாய்வுக் கோரிக்கைகளை அதில் சேர்க்கவில்லை.

அறிகுறிகளும் இருந்தன. ஆறாம் வாரத்திலிருந்து அவருடைய மதிப்புரைகள் பத்தியிலிருந்து ஒற்றைச் சொல்லுக்குச் சுருங்கின. கூட்டத்தில் ‘நீங்களே முடிவு பண்ணுங்க, எனக்கு எதுவும் சரிதான்’ என்றார். தானியங்கி ஓட்டம் முதல்முறை வேலை செய்தபோது மாணவர்கள் துள்ளினார்கள், அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் களைத்துத் தெரியவில்லை, நேரம் தவறவில்லை, கோபப்படவில்லை. மேலே சொன்ன மூன்று கூறுகளில் இரண்டாவது, மனம் விலகுவது. அதை அமைதியான சுபாவம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மாற்ற வேண்டியவை

நேரக்கணக்கு எல்லா வழிகாட்டிகளுக்கும், இரண்டாம் வாரத்திலேயே, ஒரு வாரம் மட்டும். தொடர்ந்து எழுதச் சொன்னால் அதுவே 42ஆம் வேலையாகிவிடும். ஐந்தாம் வாரம் இன்னொரு முறை. சுமை குறைப்பு என்று எதைச் செய்தாலும், குறைந்த மணிகள் யாரிடம் போயின என்ற கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் எழுதாமல் முடிவு செல்லாது.

அமைப்புகளின் எண்ணிக்கையை மூன்றாம் நாளில் பூட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்: மொத்த மனித மணி, வழிகாட்டி கூட இருக்க வேண்டிய மணி. இரண்டாவது எண்ணின் கூட்டுத்தொகை, இருக்கும் வழிகாட்டி நேரத்தில் எழுபது விழுக்காட்டைத் தாண்டினால் கடைசி அமைப்பு விழும். மீதி முப்பது தளர்ந்த நட்டுகளுக்கு.

நிறுத்தும் முடிவை நேரில், அந்த அணியிடம் முதலில், பட்டறை திறந்திருக்கும்போது சொல்ல வேண்டும். எந்த நாளில் அது மறுபரிசீலனைக்கு வரும் என்பதையும் சேர்த்து.

நிரலுக்கும் மூடும் நேரம்: இரவு 9க்கு மேல் வரும் கோரிக்கை மறுநாள் மாலைக்குத்தான். வழிகாட்டியிடம் போகும் முன் இன்னொரு மாணவர் படித்து ஒப்புதல் தர வேண்டும்.

கம்பி முனை அழுத்துதல், கேன் பழுது தேடல், கவ்வி பிடித்துத் துளையிடல் ஆகிய பயிற்சிகள் செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள் முடிய வேண்டும். புதிய வழிகாட்டிகளும் அந்தக் காலத்தில்தான் சேர வேண்டும். ஜனவரிக்குப் பின் வருபவர்கள் அந்தப் பருவம் முழுவதும் இரண்டாம் பெரியவராக மட்டும்.

அடுத்த பருவத் தொடக்கத்தில் தலைமை வழிகாட்டியிடம் மீதமிருந்த 11 வேலைகள் 6 ஆகியிருந்தன. அதில் மூன்று பெரியவர்தான் செய்ய வேண்டியவை: பணக் கையெழுத்து, பயண அனுமதி, மாணவர் பாதுகாப்புப் பதிவு. மற்ற மூன்றுக்கு எதிரே, ‘யார் இப்போது கற்கிறார்’ கட்டத்தில் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. நிரல் வழிகாட்டியின் இடத்தில் இரண்டு பேர்; முதல் நாளே இருவருக்கும் அரைமணிக் கட்டத் தாள் கொடுக்கப்பட்டது.